போவிஸ் கோட்டைக்கு ஒரு நாள்: முதலில் அந்தச் சிறிய அறை

ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்தால் பிரிட்டனில் இருக்கும் நம்மவர்கள் கூட்டிக்கொண்டு போகும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். லண்டனில் டவர் பாலம், பக்கிங்ஹாம் அரண்மனை, ஏதாவது ஒரு கடற்கரை, அப்புறம் ஒரு முருகன் கோயில். அந்தப் பட்டியலில் வேல்ஸ் எல்லையோரம் வெல்ஷ்பூல் ஊரில் இருக்கும் போவிஸ் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் அது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1798 முதல் 1803 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவின் குடும்ப வீடு இது. ராபர்ட் கிளைவின் மூத்த மகன். அந்த ஐந்து ஆண்டுகளில் நம் மண்ணில் என்னென்ன நடந்தது என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 ஜூலையில் ஆற்காட்டு நவாபின் ஆட்சி ஒரு ஒப்பந்தத்தோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அத்தனையும் நடந்தபோது புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னர் நாற்காலியில் இருந்தவர் இவர்.

இவர் சென்னையில் விட்டுவிட்டுப் போன ஒரு கட்டடம் நம் எல்லோருக்கும் தெரியும். பிளாசி வெற்றியையும் மைசூர் வெற்றியையும் கொண்டாட இவர் கட்டச் செய்த விருந்து மண்டபம்தான் இன்றைய ராஜாஜி மண்டபம். வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் வடிவமைத்து 1802இல் முடிந்தது. அண்ணா, காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று எல்லோருடைய உடலையும் மக்கள் பார்வைக்கு வைத்த அந்தப் பெரிய படிக்கட்டு இவர் காலத்தது.

சரி, இப்போது பயணத் திட்டத்துக்கு வருவோம்.

நாங்கள் பர்மிங்காமிலிருந்து போனோம். நியூ ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து அபெரிஸ்ட்வித் போகும் ரயில் நேராக வெல்ஷ்பூலில் நிற்கும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஷ்ரூஸ்பரியில் ரயில் வந்த திசையிலேயே திரும்பி ஓடத் தொடங்கும். அதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம், அங்கே தண்டவாள அமைப்பே அப்படித்தான். காலையில் சீக்கிரம் கிளம்ப முடிந்தால் ஷ்ரூஸ்பரியில் இறங்கி ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். ஊரின் நடுச் சதுக்கத்தில் ராபர்ட் கிளைவுக்கு 1860இல் வைத்த சிலை நிற்கிறது. அந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் மேயராகவும் இருந்தவர் அவர். 1744இல் கம்பெனியின் எழுத்தராகச் சென்னையில் வந்து இறங்கியது, 1751இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்தது, 1753இல் புனித மேரி தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் நம் பக்கத்துக் கதை. அப்பனைச் சிலையாகப் பார்த்துவிட்டு மகன் வீட்டுக்குப் போவது நல்ல வரிசை.

வெல்ஷ்பூல் நிலையத்திலிருந்து கோட்டை ஒரு மைலுக்குக் கொஞ்சம் மேல். ஊர்க் கடைத்தெருவைத் தாண்டிப் பூங்கா வாசலுக்குள் நுழைந்தால் பழைய ஓக் மரங்களுக்கு நடுவே ஏறுமுகமாக ஒரு பாதை போகும். நடக்க முடிந்தவர்களுக்கு அருமையான நடை. முழங்கால் வலி உள்ளவர்கள் கூட இருந்தால் டாக்சியை முந்தின நாளே சொல்லி வையுங்கள். சின்ன ஊர், நிலைய வாசலில் வண்டி வரிசையாக நிற்காது. காரில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கோட்டையையும் தோட்டத்தையும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு வருடத்தில் சில முறையாவது போகிற குடும்பம் என்றால் ஆண்டுச் சந்தா கட்டிவிடுவது லாபம். தோட்டம் திறந்திருக்கும் நேரமும் கோட்டைக்குள் விடும் நேரமும் ஒன்றாக இருக்காது, குளிர்காலத்தில் சில அறைகளை மூடிவிடுவார்கள். அதனால் கிளம்புவதற்கு முன்னால் அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனோம். அங்கே உணவகம் உண்டு, ஆனால் சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்களுக்குக் கட்டுச்சோறுதான் நிம்மதி. ஜூலை மாதமாக இருந்தாலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் வேண்டும். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடச் சொல்லுங்கள். தோட்டம் முழுக்கச் சரிவும் படியும் சரளைக்கல்லும்தான்.

உள்ளே போனதும் எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. பெரும்பாலானவர்கள் தோட்டத்துக்காகத்தான் வருகிறார்கள். வெயில் அடித்தால் நேராகக் கீழே இறங்கிவிடுவார்கள். மத்தியானம் களைத்துப்போய் மேலே வந்து கோட்டை அறைகளைக் கடமைக்குச் சுற்றுவார்கள். கிளைவ் அருங்காட்சியகம் என்ற அந்தச் சிறிய அறை அப்போது கண்ணிலேயே படாது. நீங்கள் அதை மாற்றிச் செய்யுங்கள். கோட்டைக் கதவு திறந்ததும் முதல் ஆளாக அந்த அறைக்குப் போங்கள். மனசும் கண்ணும் தெளிவாக இருக்கும் நேரத்தை அதற்குக் கொடுங்கள். தோட்டத்தைப் பிறகு பார்த்தால் அது வேறு மாதிரித் தெரியும்.

1987இல் திறந்த அறை அது. துணிகளும் தந்த வேலைப்பாடுகளும் கெடாமல் இருக்க விளக்கை மங்கலாக வைத்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்தும் கிழக்காசியாவிலிருந்தும் வந்த 300க்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. தந்தச் சிற்பங்கள், நம் தெய்வ உருவங்கள், வாள்கள், கவசங்கள், மணி பதித்த ஹூக்கா. பிளாசியில் தோற்ற வங்காள நவாப் சிராஜ் உத்தவுலாவுடையது என்று சொல்லும் பல்லக்கும் உண்டு. திப்புவின் காலணி இருக்கிறது. போருக்குப் போகும்போது கொண்டுபோன கட்டில் இருக்கிறது. அவருடைய சிம்மாசனத்தின் கைப்பிடிச் சுவரை அலங்கரித்த தங்கப் புலித்தலைகளில் ஒன்று, வாயைப் பிளந்தபடி, மாணிக்கமும் வைரமும் மரகதமும் பதித்து, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

அந்தச் சிம்மாசனத்தின் கதை தெரிந்தால் அந்தச் சின்னப் புலித்தலை முன்னால் நீண்ட நேரம் நிற்பீர்கள். ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை விழுந்ததும் வெற்றி பெற்ற படைக்குக் கொள்ளைப் பொருளைப் பங்குபோட ஒரு குழுவே இருந்தது. சிப்பாய் முதல் தளபதி வரை தகுதிக்கு ஏற்பப் பங்கு. சிம்மாசனத்தை அப்படியே பங்கு போட முடியாது என்பதால் உடைத்தார்கள். பெரிய புலித்தலையும் உச்சியில் இருந்த ஹுமா என்ற புராணப் பறவையின் உருவமும் பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்குப் போயின. சின்னப் புலித்தலைகள் ஆளுக்கொன்றாகச் சிதறின. அதில் ஒன்று கவர்னரின் மனைவிக்குக் கிடைத்தது.

எங்களோடு வந்திருந்த அத்தைக்குச் சொந்த ஊர் காளையார்கோவில் பக்கம். மருது சகோதரர்கள் கோபுரம் கட்டிய ஊர், அவர்களுடைய சமாதி இருக்கும் ஊர். அந்த அறையில் அத்தையை அதிகம் நிறுத்தி வைத்தது தங்கம் இல்லை, திப்புவின் கூடாரம்தான். பருத்தித் துணி, உள்பக்கம் முழுக்க வளைவு வளைவாக மாடங்கள், ஒவ்வொரு மாடத்துக்குள்ளும் ஒரு பூச்சாடி, சாடியிலிருந்து எழும் பூங்கொத்து. சிவப்பும் பச்சையும் இன்னும் மங்கவில்லை. கண்ணாடிக்கு மிக அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "இவங்க இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணாங்களாம்? அந்த அம்மாகிட்ட கேளுப்பா" என்றார். அறையில் இருந்த தன்னார்வலர் அம்மாவிடம் கேட்டேன். தோட்டத்தில் விருந்து வைக்கும்போது பந்தலாகக் கட்டினார்கள் என்று சொன்னார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வா, அந்தத் தோட்டத்தைப் போய்ப் பார்க்கலாம்" என்றார்.

அங்கிருந்து தோட்டத்துக்குப் போகும் வழியில்தான் மற்ற அறைகள். இவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோட்டையை 13ஆம் நூற்றாண்டில் கட்டியவர் வேல்ஸ் சிற்றரசர் கிரிஃபித் அப் குவென்வின்வின். 1587இல் ஹெர்பர்ட் குடும்பம் வாங்கியது. அதற்குப் பிறகு போர்க்கோட்டை மெல்ல மெல்லப் பிரபுக்கள் குடியிருக்கும் மாளிகையானது. 1590களில் கட்டிய நீள்கூடம் அழகு. 1660களைச் சேர்ந்த அரச படுக்கையறையில் கட்டிலுக்கு முன்னால் கோயில் கருவறைக்கு இருப்பதுபோலக் கம்பித் தடுப்பு இருக்கிறது. யார் எதுவரை வரலாம் என்று அது சொல்லிவிடும். மேற்கூரை ஓவியங்களைப் பார்த்துக் கழுத்து வலித்தால் உட்கார இடம் கேளுங்கள், தன்னார்வலர்கள் அன்பாகக் காட்டுவார்கள்.

கிளைவுக்கும் இந்த வீட்டுக்கும் எப்படித் தொடர்பு வந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். ஹெர்பர்ட் குடும்பத்துக்குப் பழைய பெயர் இருந்தது, கையில் பணம் இல்லை, கடன் இருந்தது. கிளைவ் குடும்பத்திடம் இந்தியாவில் சேர்த்த பெரும் செல்வம் இருந்தது. 1784இல் ஹென்றியட்டா ஹெர்பர்ட் எட்வர்டு கிளைவை மணந்தார். ஹென்றியட்டாவின் அண்ணன் 1801இல் வாரிசில்லாமல் இறந்ததும் சொத்து இந்தப் பக்கம் வந்தது. 1804இல் எட்வர்டுக்கு போவிஸ் பிரபுப் பட்டமும் கிடைத்தது. கடனை அடைத்ததும் வீட்டைச் சரிசெய்ததும் கிளைவ் பணம்.

ஹென்றியட்டாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியவில்லை. கணவரோடு சென்னைக்கு வந்தவர், பாரசீகம் படித்தார், செடிகளும் கற்களும் தாதுக்களும் சேகரித்தார். 1800 மார்ச்சில் இரண்டு மகள்களையும், அவர்களுக்கு ஆசிரியராக இருந்த இத்தாலிய ஓவியர் அன்னா டொனெல்லியையும் கூட்டிக்கொண்டு யானைகள், கூடாரங்கள், பெரிய பரிவாரத்தோடு தென்னிந்தியாவைச் சுற்றக் கிளம்பினார். வேலூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர், திருச்சி, தஞ்சாவூர், தரங்கம்பாடி என்று ஆயிரம் மைலுக்கு மேல். அக்டோபரில் சென்னை திரும்பினார். கயத்தாற்றுத் தூக்குக்கும் திருப்பத்தூர்த் தூக்குக்கும் நடுவில் இருந்த ஆண்டு அது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார். திப்புவின் மகன்கள் வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்தார்கள். அதே மண்ணில் கவர்னர் வீட்டுப் பெண்கள் செடி சேகரித்துக்கொண்டு போனார்கள்.

இளைய மகள் சார்லட் அந்தப் பயணத்தில் நாட்குறிப்பு எழுதினாள். அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. எங்கள் மகளுக்கும் ஏறக்குறைய அதே வயது என்பதால் அவள் இந்தச் செய்தியை விடவே இல்லை. அந்தச் சிறுமிதான் பின்னாளில் நார்தம்பர்லாந்து சீமாட்டியாகி, விக்டோரியா இளவரசியாக இருந்தபோது அவருக்கு ஆசானாக நியமிக்கப்பட்டார். 1828இல் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு செடிக்கு அவர் பிறந்த குடும்பத்தின் பெயரால் கிளைவியா என்று பெயர் வைத்தார். அந்த இனத்தில் ஒரு வகையை, அடர்பச்சை இலையும் ஆரஞ்சுப் பூவுமாக, நிறையப் பேர் வீட்டு ஜன்னலோரத்தில் வளர்ப்பதைப் பார்க்கலாம்.

இப்போது தோட்டம்.

கோட்டை ஒரு செங்குத்தான பாறை மேட்டில் நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பாறையை வெட்டி, இத்தாலியப் பாணியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்ட தளங்களை அமைத்தார்கள். வில்லியம் விண்டு என்பவரின் வேலை. மேல் தளத்தில் நின்றால் முதுகுக்குப் பின்னால் கோட்டையின் சிவந்த கல், காலடியில் தளம் தளமாக இறங்கும் பூப்பாத்திகள், மிகக் கீழே பெரிய புல்வெளி, அதற்கப்பால் செவர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, தொலைவில் பிரெய்டன் குன்றுகள். இங்கிலாந்தில் நான் பார்த்த எந்தத் தோட்டத்திலும் இப்படி ஒரு நிற்குமிடம் கிடையாது.

மேல் தளத்துச் சுவரை ஒட்டி யூ என்ற பசுமை மாறா மரங்கள் மேகம்போல உருண்டு திரண்டு நிற்கும். நடும்போது அவற்றைச் சின்னக் கூம்புகளாக, ஒழுங்காக வெட்டித்தான் வளர்த்தார்கள். பிறகு வந்த தலைமுறைகள் வளர விட்டன. முன்னூறு வருடத்தில் அவை சுவரின் மேல் வழிந்து, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, யாரும் திட்டமிட்டிருக்க முடியாத ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டன. ஓரத்தில் இருக்கும் யூ வேலி பதினான்கு மீட்டர் வரை உயரம். அதைக் கத்தரிப்பது கோடையின் கடைசியில் தொடங்கி வாரக்கணக்கில் நடக்கும் வேலை. முன்பு ஏணிகளைச் சேர்த்துக் கட்டி ஏறினார்கள், இப்போது தூக்கி இயந்திரம் வைத்திருக்கிறார்கள். செப்டம்பரில் போனால் மேலே நின்று வெட்டும் தோட்டக்காரரைப் பார்க்கலாம்.

இரண்டாவது தளத்தில் முன்பு பறவைக்கூண்டாக இருந்த வளைவு மண்டபம் இருக்கிறது. அதன் மேல் கைப்பிடிச் சுவரில் ஆடு மேய்க்கும் ஆண்களும் பெண்களும் நடனமாடுவதுபோல ஈயத்தில் வார்த்த சிலைகள். சிற்பி ஜான் வான் நோஸ்டின் பட்டறையிலிருந்து வந்தவை. இப்படிப்பட்ட ஈயச் சிலைகள் பல தோட்டங்களில் உருக்கப்பட்டுவிட்டன, இங்கே தப்பியிருக்கின்றன. அதற்கும் கீழே ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காப்பாற்றக் கட்டிய அறை. தளங்களின் செங்கல் சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால் பிரிட்டனின் திறந்தவெளியில் சாதாரணமாகத் தாக்குப்பிடிக்காத செடிகள்கூட இங்கே செழிக்கின்றன. மே மாதத்தில் விஸ்டீரியா தொங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் டேலியாவும் சால்வியாவும் பியூசியாவும். எங்கள் அத்தை ஒவ்வொரு பாத்தியிலும் நின்று, "இது நம்ம வீட்டுக் கொல்லையில இருந்துச்சு" என்று சொல்ல இரண்டு செடியாவது கிடைத்துவிட்டது.

இந்தத் தளங்கள் இன்று இருப்பதே அதிர்ஷ்டம். 18ஆம் நூற்றாண்டில் கட்டுக்கோப்பான பழைய தோட்டங்களை அழித்துவிட்டு, இயற்கையாகத் தோன்றும் புல்வெளியும் ஏரியும் அமைப்பதே பிரிட்டன் முழுக்க நாகரிகமாக இருந்தது. 1770களில் இங்கே வந்த வில்லியம் ஈம்ஸ் பூங்காவை அந்தப் பாணியில் மாற்றினார், ஆனால் தளங்கள் பிழைத்தன. அவற்றின் அடியில் இருந்த பழைய நீர்த்தோட்டம் மட்டும் போய்விட்டது. இப்போது அந்த இடத்தில்தான் பெரிய புல்வெளி. 1911க்குப் பிறகு நான்காவது போவிஸ் பிரபுவின் மனைவி வயலட் சீமாட்டி காய்கறித் தோட்டம் இருந்த இடத்தைப் பூந்தோட்டமாக்கினார். அவருடைய இரண்டு மகன்களையும் உலகப் போர்கள் கொண்டுபோயின. நான்காவது போவிஸ் பிரபு 1952இல் இறந்தபோது கோட்டையும் தோட்டமும் நேஷனல் டிரஸ்டுக்கு வந்தன.

கட்டுச்சோற்றைப் புல்வெளியின் கீழ்க்கோடியில், கோட்டையை நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் பிரியுங்கள். மயில்கள் மேலே முற்றத்துப் பக்கம் திரியும், சாப்பாட்டைப் பார்த்தால் தைரியமாக வரும். அங்கே உட்கார்ந்துதான் என் மகள் கேட்டாள்: "அப்பா, அந்தக் கூடாரம் எந்த இடத்துல கட்டியிருப்பாங்க?" அவளுக்கு நான் சொன்ன பதில், இந்தப் புல்வெளி போல சமதரையாக எங்கேயாவது இருந்திருக்கும் என்பதுதான். அவள் அளந்து பார்ப்பதுபோல எழுந்து நடந்தாள்.

2020இல் நேஷனல் டிரஸ்ட் ஒரு அறிக்கை வெளியிட்டது. தன் பராமரிப்பில் உள்ள 93 இடங்களுக்குக் காலனியாதிக்கத்தோடும் அடிமை முறையோடும் இருந்த தொடர்புகளை அதில் பட்டியலிட்டார்கள். போவிஸும் அதில் உண்டு. அதற்காக அந்த அமைப்பைத் திட்டியவர்கள் நிறைய. நான் அதை மதிக்கிறேன். எனக்கு இன்னும் ஒரு ஆசை உண்டு. எட்வர்டு கிளைவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தோடு பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் எழுதப்பட வேண்டும். கிளம்பும்போது கருத்துகளுக்கான அட்டையில் அத்தை சொல்லச் சொல்ல அதை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். கீழே அவரே தமிழில் கையெழுத்துப் போட்டார். நீங்கள் போகும்போது நீங்களும் எழுதுங்கள். பல பேர் கேட்டால் கவனிப்பார்கள்.

நேரம் மிச்சமிருந்து, குழந்தைகளும் கூட இருந்தால் வெல்ஷ்பூலில் 1903இல் தொடங்கிய குறுகிய பாதை நீராவி ரயில் ஒன்று லான்வேர் வரை ஓடுகிறது. ஆனால் எல்லா நாளும் ஓடாது, கோட்டையையும் அதையும் ஒரே நாளில் அடக்கினால் இரண்டும் அரைகுறையாகும். ஊரில் ஓர் இரவு தங்க முடிந்தால் அதை மறுநாள் காலைக்கு வையுங்கள். இல்லையென்றால் மாலை ரயிலுக்கு நேரத்தோடு இறங்கிவிடுங்கள். இந்தப் பாதையில் அடுத்த வண்டிக்கு ஒரு மணி, சில நேரம் இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கும்.